மலையே இல்லாத மலையூர்... பார்த்ததும் ஆளை எடைபோடும் நமக்கு விருத்தாசலம் சொல்லும் பாடம்!

விருத்தாசலத்துக்கு முதன்முறையாக வருபவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் தேடுவது ஒன்றைத்தான். மலை! ஊரின் பெயரே அதுதானே. 'விருத்த' என்றால் பழைய, 'அசலம்' என்றால் மலை. தமிழில் திருமுதுகுன்றம். கோயிலில் இருக்கும் சாமிக்கும் பழமலைநாதர் என்றுதான் பெயர். ஆனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் சமவெளிதான். வயல், முந்திரிக்காடு, மணிமுத்தாறு, கடைத்தெரு... மலையை மட்டும் காணோம்.

கேட்டால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். "மலை இங்கேதான் இருக்கு. பூமிக்குள்ள அழுந்திக் கிடக்கு" என்பார்கள். உலகில் முதலில் தோன்றிய மலை இதுதான் என்றும், அது இப்போது மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்றும் தல புராணம் சொல்கிறது. அந்தக் கோயிலிலேயே படிகள் இறங்கிக் கீழே போனால்தான் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்க முடியும். மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தரிசனம் கிடைக்காது.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், 'கண்ணுக்குத் தெரிவது மட்டுமே உண்மை இல்லை' என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் ஊர் இது. அது மட்டுமல்ல... இந்த ஊர் செய்யும் தொழிலும் இதே பாடத்தைத்தான் தினமும் நடத்துகிறது.

சூளைக்குள் போகும்போது கறுப்பு... வெளியே வரும்போது நீலம்!

கார்த்திகை தீபத்துக்கு வாசலில் வைக்கும் வழவழப்பான அகல் விளக்கு, நவராத்திரிக் கொலுவில் அடுக்கும் பீங்கான் பொம்மை, பழைய வீடுகளின் மின்பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃப்யூஸ் கட்டை... இவற்றில் ஒன்றாவது விருத்தாசலத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து ஊரான நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக வெட்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கே இருக்கின்றன.

அந்தச் சூளைகளுக்குப் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும், 'பார்த்ததும் தெரிஞ்சுடும்' என்ற நம்பிக்கை ஆட்டம் காணும்.

மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, உருவம் கிடைக்கிறது. காய்ந்ததும் ஒருமுறை சுடுகிறார்கள். அப்போது அது பளபளப்பு இல்லாமல், தொட்டால் சொரசொரவென்று, சாக்பீஸ் போல இருக்கும். அதன்மேல் 'கிளேஸ்' எனும் பூச்சு. அதுவும் பார்க்கச் சகிக்காது. தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பு மாதிரி மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிறம் தருவது சில உலோகங்களின் தூள். கோபால்ட் ஆக்ஸைடு கறுப்பாக இருக்கும். சுட்டு எடுத்தால் அடர்நீலம்! காப்பர் ஆக்ஸைடும் கறுப்புதான். காற்றோட்டமுள்ள சூளையில் அது பச்சையாகிறது. காற்று குறைந்த சூளையில் அதுவே சிவப்பாகவும் மாறும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கறுப்புப் பொடிகளைப் பார்த்து, எது நீலம், எது பச்சை என்று புதிதாக வருபவரால் சொல்லவே முடியாது. ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தைத் தாண்டி வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூச்சு அழகாக இருப்பதாலேயே பாத்திரம் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. உள்ளே ஒரு மயிரிழை விரிசல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காதுதான் உதவும். விரலால் சுண்டினால் நல்ல பீங்கான் 'ணங்' என்று கணீரெனப் பேசும். விரிசல் விட்டது 'டப்' என்று மந்தமாக முனகும். கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதும் ஒரு வழி. அடிவிளிம்பில் பெரும்பாலும் பூச்சு இருக்காது. உண்மையான மண் எதுவென்று அங்கேதான் தெரியும்.

பாத்திரத்துக்கே இவ்வளவு பரிசோதனை. மனிதர்களுக்கு மட்டும் நாம் ஒரு நொடிகூடக் கொடுப்பதில்லை.

கறுப்பாக இருக்கிறார் என்றார்கள்... ஊர் சட்டமன்றத்துக்கே அனுப்பியது!

இந்த ஊரோடு சேர்த்துத் தமிழ்நாடே நினைவில் வைத்திருக்கும் ஒரு முகம் உண்டு. விஜயகாந்த்.

1952-ல் மதுரை மாவட்டத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் விஜயராஜ். சினிமா ஆசையில் சென்னைக்கு வந்தபோது அவருக்கு முன்னால் வந்து நின்ற முதல் தடை, அவருடைய தோலின் நிறம். 'இந்த நிறத்தில் கதாநாயகனா?' என்று கேட்டவர்கள் நிறைய பேர். 1979-ல் 'இனிக்கும் இளமை' மூலம் அறிமுகமாகி, 1981-ல் எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கிய 'சட்டம் ஒரு இருட்டறை' பெரிய வெற்றி பெற்ற காலத்திலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவருக்கு ஜோடியாக நடிக்கச் சில நாயகிகள் தயங்கினார்கள் என்பதைத் திரையுலகத்தினர் பலரும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

கோபால்ட் தூளைப் பார்த்து 'இது வெறும் கரி' என்று ஒதுக்கியது போலத்தான்.

சூளையிலிருந்து வெளியே வந்த பிறகு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்'. 1986-ல், திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்களை நம்பி 'ஊமை விழிகள்'. அவர்களுக்கும் அப்போது வெளியில் பெயர் கிடையாது. புதியவர்கள் என்று ஒதுக்கப்படுவதன் வலி தெரிந்தவர், அவர்களுக்குக் கதவைத் திறந்தார். 1991-ல் நூறாவது படம் 'கேப்டன் பிரபாகரன்'. அதன் பிறகு 'கேப்டன்' என்பதே அவர் பெயராகிவிட்டது. படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதேதான் லைட்மேனுக்கும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததை, உடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி நெகிழ்கிறார்கள். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திரக் கலைவிழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார்.

2005-ல் மதுரையில் கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டே சட்டமன்றத் தேர்தல். கட்சி 230-க்கும் மேற்பட்ட இடங்களில் தனியாக நின்றது. ஜெயித்தது ஒரே ஒரு தொகுதி. விருத்தாசலம்! அதுவும், வேறொரு கட்சியின் கோட்டை என்று அரசியல் நோக்கர்கள் எழுதிவைத்திருந்த தொகுதி. 13 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் இந்த ஊர் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2011-ல் அவர் ரிஷிவந்தியத்திலிருந்து வென்று எதிர்க்கட்சித் தலைவர் ஆனார் என்றாலும், முதல் கதவைத் திறந்தது விருத்தாசலம்தான்.

'அப்படியென்றால் விருத்தாசலத்து மக்கள் தோற்றத்தைப் பார்க்காமல் ஓட்டுப் போட்டார்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திரையில் பார்த்துப் பழகிய முகமும் ஒரு தோற்றம்தானே. அவருடைய அரசியலை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஆனால், 'இந்த நிறம் எடுபடாது' என்று சிலர் சொன்ன ஒரு முகத்தை, லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டு முகமாக நினைத்தார்கள் என்பது மட்டும் நிஜம்.

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை.

பின்னாளில் உடல்நலம் குன்றியபோது அவருடைய பேச்சு குழறியது, நடை தடுமாறியது. உடனே கிளம்பின மீம்ஸ்கள். நோயாளி ஒருவரின் தடுமாற்றத்தைப் பார்த்து மாநிலமே சிரித்தது. செல்போனில் ஃபார்வர்டு செய்தவர்களில் நம்மில் எத்தனை பேர் இருந்தோமோ! 2023 டிசம்பர் 28-ம் தேதி அவர் மறைந்தார். சென்னை தீவுத்திடலில் அஞ்சலி செலுத்தக் கூட்டம் அலைமோதியது. அதே சமூக வலைதளங்களில் 'மன்னிச்சிடுங்க கேப்டன்' என்று பலர் எழுதினார்கள். 2024-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஒரே மனிதர். ஆரம்பத்தில் நிறத்தைப் பார்த்துத் தவறாக எடைபோட்டார்கள். கடைசியில் நடையைப் பார்த்துத் தவறாக எடைபோட்டார்கள். இரண்டு முறையும் மன்னிப்பு தாமதமாகத்தான் வந்தது.

ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு!

ஏன் இப்படிச் செய்கிறோம்? நாம் எல்லோரும் கெட்டவர்களா? அப்படியில்லை. நம் மூளை ரொம்ப அவசரக்காரன்.

விருத்தாசலத்தில் ஓட்டு எண்ணிய அதே 2006-ல், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். 'இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா?' என்று கேட்டார்கள். அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலேயே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் அதிக நேரம் பார்க்க விட்டால்? முடிவு பெரிதாக மாறவில்லை. 'நான் சொன்னதுதான் சரி' என்ற நம்பிக்கை மட்டும் கூடியது!

அதற்கு முந்தைய ஆண்டு டோடோரோவ் குழு செய்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்க செனட் தேர்தல் வேட்பாளர்களின் படங்களை, அவர்களை யாரென்றே தெரியாதவர்களிடம் காட்டி, 'பார்த்தால் யார் திறமைசாலி மாதிரி இருக்கிறார்?' என்று கேட்டார்கள். அவர்கள் கை காட்டியவர்கள் சுமார் 70 சதவிகிதத் தேர்தல்களில் ஜெயித்தவர்களாகவே இருந்தார்கள். கொள்கை, அனுபவம், நேர்மை என எதுவும் தெரியாமல், முகத்தை மட்டும் பார்த்துச் சொன்ன பதில் அது.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று நாம் சொல்வோம். கோபம், பயம், சந்தோஷம் போன்றவை முகத்தில் தெரியும்தான். ஆனால் நேர்மை? படிப்பு? உழைப்பு? இவை எந்த முகத்திலும் எழுதியிருப்பதில்லை. நாமே எழுதிக்கொள்கிறோம்.

சட்டம் போட்டுத் தடுக்கவேண்டி வந்தது!

முகத்தைப் பார்த்து மனதுக்குள் ஒன்று நினைப்பது ஒரு பிரச்னை. அந்த நினைப்பு வாசலில் நின்று ஆளைத் தடுக்கும்போது அது அநியாயமாகிறது.

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டி வந்த ஒருவரை உள்ளே விடவில்லை. கிளப்பின் ஆடை விதி அப்படி. தடுக்கப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி.ஹரிபரந்தாமன்! தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகப் பொது இடங்களில் யாரையும் தடுத்தால் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தடுக்கப்பட்டவர் நீதிபதி என்பதால் சட்டமே வந்தது. மற்றவர்களுக்கு?

2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் எழுப்பி அனுப்பப்பட்டார். அவர் வீடியோவில் கேட்ட கேள்விகள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. அமைச்சர் சேகர்பாபு நேரில் போய் அதே கோயிலில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் அந்த மக்களுக்குப் பட்டா வழங்கினார்.

இரண்டே மாதத்தில் இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஓர் அம்மாவை 'நாற்றம் அடிக்கிறது' என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் குரலெழுப்பி நியாயம் கேட்ட காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது. ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 2023 மார்ச்சில் சென்னையில் கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை ஒரு தியேட்டரில் உள்ளே விட மறுத்தார்கள். மக்கள் கேள்வி கேட்ட பிறகே விட்டார்கள்.

இந்தச் சம்பவங்களில் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலானவை வீடியோவில் பதிவானதால் வெளியே வந்தவை. படமெடுக்க ஆள் இல்லாத வாசல்கள் எத்தனையோ!

அந்த அம்மாவின் மேல் வீசிய மீன் வாடை, அவர் அன்று உழைத்தார் என்பதற்குச் சாட்சி. பீங்கான் பட்டறையில் வேலை முடித்து வருபவரின் தலையிலும் சட்டையிலும் வெள்ளைத் தூசு படிந்திருக்கும். பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரத் தயங்குகிறவர், காலையில் டீ குடித்த கோப்பை அதே தூசியிலிருந்து வந்ததுதான். பீங்கான் தொழிலில் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. கோப்பையின் பளபளப்புக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. மரியாதையாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

'டிப்டாப் ஆசாமி'யிடம் மட்டும் ஏன் ஏமாறுகிறோம்?

தோற்றத்தைப் பார்த்து ஒதுக்குவது பாதித் தவறுதான். மீதிப் பாதி, தோற்றத்தைப் பார்த்து நம்புவது.

'டிப்டாப் ஆசாமி கைவரிசை' என்ற தலைப்பைப் பார்க்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஃபைல், கழுத்தில் அடையாள அட்டை. 'நகைக்குப் பாலிஷ் போட்டுத் தர்றோம்' என்று வருகிறவரோ, 'அரசு வேலை வாங்கித் தர்றேன்' என்கிறவரோ அழுக்குச் சட்டையில் வருவதே இல்லை. ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருவரிடம் ஒரு நல்ல அம்சத்தைப் பார்த்தால், மற்ற எல்லா விஷயத்திலும் அவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று மனம் தானாகவே கூட்டிக்கொள்ளும். இதை எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். மிடுக்கான தோற்றத்துக்கு அதிக மதிப்பெண் வாங்கியவருக்கே அறிவுக்கும் குணத்துக்கும் சேர்த்து அதிக மதிப்பெண் விழுந்திருந்தது.

அந்தப் பழைய பலவீனம்தான் இன்று செல்போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வீடியோ காலில் காக்கிச் சீருடை, பின்னால் காவல் நிலையம் போன்ற அறை, மேஜையில் கொடி. 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்... உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறோம்' என்பார்கள். படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் உட்பட எத்தனையோ பேர் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையவே கிடையாது. அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீருடை ஒரு துணி. அதை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்.

மீன் கூடையோடு வந்தவரைச் சந்தேகித்த அதே கண்தான், காக்கிச் சட்டையில் வந்தவனை நம்பியது. இரண்டும் ஒரே நோய்.

இந்த ஊர்க் கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. சுந்தரருக்குத் திருமுதுகுன்றத்தில் இறைவன் 12 ஆயிரம் பொற்காசுகள் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பேச்சுவழக்கே இதிலிருந்து வந்ததுதான். பலரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. கொடுத்தது கடவுளாகவே இருந்தாலும், சுந்தரர் ஒரு துண்டை மச்சம் வெட்டி மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரசி மாற்றுப் பார்த்தார்கள். திருவாரூரில் இன்றும் 'மாற்றுரைத்த பிள்ளையார்' இருக்கிறார். பொன்னின் பளபளப்பைப் பார்த்து அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை.

முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தவர்கள்

அப்படியென்றால் என்னதான் செய்வது? முதல் பார்வையில் தோன்றுவதை யாராலும் தடுக்க முடியாது. அது தும்மல் மாதிரி. ஆனால், அதை வைத்து முடிவெடுக்காமல் இருக்க முடியும். அதற்கு ஒரு நல்ல உதாரணமும் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

1910. திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி.ராமசாமி ஐயரைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர். கையில் வேலை இல்லை. ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டு வந்தவர். அவர் கையில் இருந்தது கணக்குகள் எழுதிய சில நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரான ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். இந்த அறிவை ஒரு சாதாரண அலுவலக வேலையில் போட்டு அமுக்கக் கூடாது என்று முடிவு செய்தார். சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ். சவரம் செய்யாத முகம், அழுக்கு உடை, ஒளிவிடும் கண்கள். அந்த இளைஞரை முதலில் பார்த்தபோது தனக்குத் தோன்றியதை அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். முதலில் அவருக்குச் சந்தேகம்தான். ஆனாலும் திரும்பத் திரும்பச் சந்தித்தார், கேட்டார். பிறகு மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து உதவினார்.

அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன். தோற்றத்தைப் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் உலகத்துக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

அந்த இரண்டு அதிகாரிகளும் செய்ததை நாமும் செய்யலாம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

ஒன்று... 'இவர் இப்படித்தான்' என்று தோன்றியதும் முடிவை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்டு முடித்த பிறகு யோசியுங்கள்.

இரண்டு... ஆளைப் பார்க்கும் முன் வேலையைப் பாருங்கள். கடைக்கோ அலுவலகத்துக்கோ ஆள் எடுக்கிறீர்கள் என்றால், வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒருவரிடம் ஊரைக் கேட்பது, இன்னொருவரிடம் வேலையைக் கேட்பது என்று இருந்தால் அங்கே மதிப்பெண் போடுவது உங்கள் கண் மட்டுமே.

மூன்று... கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒருவர் உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பது பூச்சு. ஹோட்டலில் மேஜை துடைப்பவரிடமும், வாசலில் நிற்கும் காவலாளியிடமும் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் மண் தெரியும். அதே கண்ணாடியை நம் பக்கமும் ஒருமுறை திருப்பிக்கொள்வது நல்லது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்றும் உண்டு. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று அவர்கள் காதுபட யாரைப் பற்றியும் சொல்லாதீர்கள். அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல் போதும். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமே 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து நாமும் எடுத்துவிடலாம்.

வன்னி இலையில் இருக்கிறது கூலி

மீண்டும் விருத்தாசலம் கோயிலுக்கு வருவோம். இங்கே அம்மனுக்குப் பெரியநாயகி, விருத்தாம்பிகை என்று பெயர். பசியோடு வந்த குரு நமசிவாயர், 'கிழத்தி' என்று சொல்லிப் பாடிச் சோறு கேட்டாராம். கிழவி வடிவில் வந்து நின்ற அம்மன், 'கிழவி எப்படிச் சோறு கொண்டுவருவாள்?' என்று கேட்டாளாம். பிறகு இளமையாகப் பாடியதும் இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்தாளாம். அந்த வடிவம்தான் பாலாம்பிகை. வயதை வைத்துக் கூப்பிட்டால் தெய்வத்துக்கே கோபம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வராதா?

அந்தக் கோயிலின் தல மரம் வன்னி. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது, வேலை செய்தவர்களுக்கு மாலையில் கூலியாக வன்னி இலைகளைக் கொடுத்தாராம். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இலைதான். ஆனால், யார் எவ்வளவு உழைத்தார்களோ அந்த அளவுக்கு அது பொற்காசாக மாறியதாம்.

கல் சுமந்தவர் கறுப்பா சிவப்பா, வேட்டி வெளுப்பா அழுக்கா என்று அந்த இலை பார்க்கவில்லை. நாளை காலை பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாக இருந்து, உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு ஒருவர் ஏறினால்... கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். முடிந்தால், "எந்தப் பட்டறைங்க?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் கார்த்திகை விளக்கைச் செய்தவராகக்கூட அவர் இருக்கலாம்!